பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: யார் மிகச் சிறந்தவர்?

வில்லி மேஸ். 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறை பேஸ்பால்) வாழ்க்கையைத் தொடங்கினார். அந்த அணி சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் போனார். கடைசி இரண்டு ஆண்டுகள் மெட்ஸ் அணிக்கு ஆடி 1973-ல் ஓய்வு பெற்றார். வலுவாக அடிப்பது, அடிக்கடி அடிப்பது, ஓடுவது, பிடிப்பது, எறிவது என இந்த ஆட்டம் கேட்கும் ஐந்து திறமைகளிலும் தம் காலத்தின் முதல் வரிசையில் நின்றவர். அதைவிட எனக்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நிறத்தைக் காட்டி வீரர்களை வெளியே நிறுத்திய தடை உடைந்த பிறகு, கறுப்பினத்தவரும் ஆடிய லீகில் அவர் இந்த உயரத்தைத் தொட்டார். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தக் காரணத்தைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலானோர் பேப் ரூத் என்கிறார்களே?

சரியான காரணங்களோடுதான் சொல்கிறார்கள். ரூத் வருவதற்கு முன் ஒரு பருவத்தில் அதிகபட்ச ஹோம் ரன் (பேட்டர் நான்கு பேஸ்களையும், அதாவது தளங்களையும், ஒரே அடியில் சுற்றிவரும் அடி) 27. அது 1884-ல் அடிக்கப்பட்டது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 1919-ல் ரூத் 29 அடித்து அதை முறியடித்தார். அந்தப் பருவம் முடிந்ததும் பாஸ்டன் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. 1920-ல் அவர் அடித்தது 54. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் இரண்டாமிடத்தில் வந்த ஜார்ஜ் சிஸ்லர் அடித்தது 19. அந்த லீகின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட, அணி முழுவதும் சேர்ந்து, 54-ஐ எட்டவில்லை. ஒரு தனி மனிதர் ஓர் அணியைவிட அதிகமாக அடித்த இப்படிப்பட்ட பருவத்தை இன்றைய ஆட்டத்தில் கற்பனை செய்யவே முடியாது.

அந்தக் காலத்தில் ஆட்டமே அடிப்பவர்களுக்குச் சாதகமாக மாறியது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை. எச்சில் தடவிப் பந்து வீசுவதற்கு 1920-ல் தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மேன் தலையில் பந்து பட்டு உயிரிழந்தார். அதன்பின் அழுக்கேறிய பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பட்டது. ஆனால் அதே விதிகள்தான் எல்லோருக்கும். மற்றவர்கள் 19-ஐத் தாண்டவில்லை. ரூத் 54 அடித்தார்.

இவ்வளவையும் செய்வதற்கு முன்பு அவர் ஒரு முதல்தரப் பிட்சர் (பந்து வீசுபவர்) என்பதையும் மறக்கக் கூடாது. மொத்தம் 94 வெற்றி, 46 தோல்வி. 1916-ல் அமெரிக்கன் லீகிலேயே மிகக் குறைந்த ரன் விட்டுக்கொடுத்தவர் அவர்தான். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.75. 1916, 1918 வேர்ல்டு சீரிஸ்களில் (இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர்) தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கு மேல் ரன் விடாமல் வீசினார். அந்தச் சாதனை 1961 வரை நின்றது.

பிறகு ஏன் அவருக்கு முதலிடம் தர மறுக்கிறீர்கள்?

அவர் யாரோடு ஆடினார் என்பதைவிட யாரோடு ஆடவில்லை என்பதைப் பார்க்கிறேன். ரூத் ஓய்வு பெற்றது 1935-ல். நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையில் மைதானத்தில் இறங்கியது 1947 ஏப்ரல் 15-ல். அதாவது ரூத் மேஜர் லீகில் ஆடிய காலம் முழுவதும் கறுப்பின வீரர்களுக்கு அங்கே இடம் இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் தேவைப்படவில்லை. அணி உரிமையாளர்களின் ஒப்பந்தமே போதுமானதாக இருந்தது. கரீபியன் நாடுகளின் கறுப்பு நிற வீரர்களுக்கும் அதே கதவு மூடியிருந்தது. ஜப்பானிலிருந்து யாரும் வரவில்லை.

இதனால் ஆட்டத்தின் தரம் எவ்வளவு குறைந்தது என்பதை அளக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். ராபின்சன் வந்த பிறகு, மற்றொரு பிரிவான நேஷனல் லீகின் மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் 1959 வரை பதினொரு ஆண்டுகள். அதில் ஒன்பது முறை அந்த விருது கறுப்பின வீரர்களுக்குப் போனது: ராபின்சன், மூன்று முறை ராய் கம்பனெல்லா, மேஸ், டான் நியூகோம், ஹாங்க் ஆரன், இரண்டு முறை எர்னி பேங்க்ஸ். இவர்கள் ஆறு பேரும் கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக் அணிகளில் முன்பு ஆடியவர்கள். முப்பது ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் இந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட மேஜர் லீக் பார்த்திருக்காது. அப்படியென்றால் 1920-களில் இவர்களுக்கு நிகரான எத்தனை பேரை அந்த லீக் இழந்தது?

இதில் ரூத்தின் குற்றம் எதுவும் இல்லை. கண்காட்சி ஆட்டங்களில் அவர் கறுப்பின அணிகளோடு ஆடியிருக்கிறார். ஆனால் "எல்லோரையும்விடச் சிறந்தவர்" என்று சொல்லும்போது அந்த "எல்லோரும்" யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ரூத்துக்கு நான் தருவது இரண்டாமிடம். ஆட்டத்தையே மாற்றியவர் யார் என்று கேட்டால் முதலிடம் சந்தேகமின்றி அவருக்குத்தான்.

2024-ல் சாதனைப் பட்டியல்களே மாறிவிட்டன என்கிறார்கள். என்ன நடந்தது?

1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 மே மாத இறுதியில் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஒரே நாளில் வரலாற்றுக்குள் வந்தன.

அதன் விளைவாக, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப்பை நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்சன் முந்தினார். கிப்சனின் சராசரி 0.372. (பத்து வாய்ப்பில் மூன்று முறை ஹிட், அதாவது பேஸை அடைய வைக்கும் அடி, அடித்து 0.300 வைத்திருப்பவரே நல்ல பேட்டர்.) ஒவ்வொரு வாய்ப்புக்கும் சராசரியாக எத்தனை பேஸ் எடுத்தார் என்ற கணக்கில் ரூத்தின் 0.690-ஐ கிப்சனின் 0.718 தாண்டியது.

இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நீக்ரோ லீக் பருவங்கள் குறுகியவை, ஆட்டங்கள் குறைவு, அதனால் சராசரி உயர்ந்து தெரியும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பருவங்கள் குறுகியிருந்ததற்குக் காரணமே ஒதுக்கல்தான். சம்பாதிப்பதற்காக ஊர் ஊராகப் போய் அந்த வீரர்கள் ஆடிய எண்ணற்ற ஆட்டங்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. கதவை மூடிவைத்துவிட்டு, உள்ளே வந்து நிரூபிக்கவில்லையே என்று கேட்பது நியாயமாகாது.

கிப்சன் 1947 ஜனவரி 20-ல் 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட மீதியில்லை. பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர்களில் மிகச் சிறந்தவர் யார் என்று கேட்டால் என் பதில் அவர்தான்.

மேஸிடம் அப்படி என்ன இருந்தது?

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 660 ஹோம் ரன், 3,293 ஹிட். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது 1957-ல் தொடங்கப்பட்டது; அந்த ஆண்டு முதல் 1968 வரை தொடர்ந்து பன்னிரண்டு முறை அதை வென்றார். 1956 முதல் நான்கு ஆண்டுகள், பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதில் நேஷனல் லீகில் முதலிடம். வேகத்தில் முதலிடம் பிடிப்பவர் பொதுவாக 51 ஹோம் ரன் அடிப்பவராக இருக்க மாட்டார். மேஸ் 1955-ல் 51 அடித்தார். பத்து ஆண்டு கழித்து, 34 வயதில், 52 அடித்தார். ராணுவப் பணியால் 1952-ன் பெரும்பகுதியும் 1953 முழுவதும் அவருக்கு ஆட்டமே இல்லை. ரூத்தின் 714-க்கும் மேஸின் 660-க்கும் இடையில் இருப்பது வெறும் 54. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி எண்ணில் வராதது. 1954 செப்டம்பர் 29, வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். எதிரணி அந்தப் பருவத்தில் 111 ஆட்டங்களை வென்றிருந்த கிளீவ்லாந்து. எட்டாவது இன்னிங்ஸ், 2-2 சமநிலை, இரண்டு ஓட்டக்காரர்கள் பேஸ்களில். விக் வெர்ட்ஸ் அடித்த பந்து மைய வெளிக்களத்தின் ஆழத்துக்குப் பறந்தது. வேறு பல மைதானங்களில் அது ஹோம் ரன் ஆகியிருக்கும். மேஸ் பேட்டருக்கு முதுகைக் காட்டியபடி சுவரை நோக்கி ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைக் கையுறையில் வாங்கினார். எல்லோரும் பேசுவது இதுவரைதான். என்னை வியக்க வைப்பது அடுத்த நொடி. பிடித்த வேகத்திலேயே சுழன்று, தொப்பி கீழே விழ, பந்தை உள்களத்துக்கு எறிந்துவிட்டார். இரண்டாவது பேஸிலிருந்த லாரி டோபி மூன்றாவது பேஸோடு நின்றுவிட்டார், ரன் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிடித்தபின் எங்கே எறிவது என்று முடிவெடுத்த மூளை அது. ஜயன்ட்ஸ் அந்த ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் வென்று, தொடரையும் 4-0 என்று கைப்பற்றியது.

1963 ஜூலை 2-ம் தேதி ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஜயன்ட்ஸின் வான் மரிச்சலும் மில்வாக்கியின் வாரன் ஸ்பானும் ரன்னே விடாமல் வீசிக்கொண்டே போனார்கள். ஸ்பானுக்கு அப்போது 42 வயது. பதினாறாவது இன்னிங்ஸில் மேஸ் அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் 1-0 என முடிந்தது.

ஹாங்க் ஆரன் அல்லவா ரூத்தின் சாதனையை முறியடித்தவர்?

ஆம். 1974 ஏப்ரல் 8-ல் அட்லாண்டாவில் 715-வது ஹோம் ரன். கடைசிக் கணக்கு 755. அந்தச் சாதனையை நெருங்கிய மாதங்களில் அவருக்கு வெறுப்புக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் குவிந்தன. பாதுகாப்போடுதான் நடமாட வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அடித்தார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

ஆரனை வெறும் ஹோம் ரன் அடிப்பவராகப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அவருடைய 3,771 ஹிட்டிலிருந்து 755 ஹோம் ரன்னையும் கழித்துவிட்டாலும் 3,016 ஹிட் மிஞ்சும். 3,000 என்பதே பெரும்பாலான மேதைகள் எட்டாத எல்லை. ஆனால் அவர் ஒரே பருவத்தில் 47-க்கு மேல் அடித்ததில்லை. உச்சத்தை அளந்தால் மேஸ், நீடித்த உழைப்பை அளந்தால் ஆரன்.

பேரி பாண்ட்ஸை என்ன செய்வது?

இந்த விவாதத்தில் மிகவும் வலிக்கும் கேள்வி இதுதான். 762 ஹோம் ரன், 2001-ல் மட்டும் 73, ஏழு முறை மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. 2004-ல் எதிரணிகள் அவருக்கு 120 முறை வேண்டுமென்றே வாக் கொடுத்தன. அவர் அடிப்பதைவிட ஒரு பேஸை இலவசமாகத் தருவது மேல் என்று நினைத்தார்கள். அந்த ஆண்டு அவர் களமிறங்கிய வாய்ப்புகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் பேஸை அடைந்தார்.

பால்கோ என்ற ஆய்வகத்தைச் சுற்றிய ஊக்கமருந்து விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது. தெரிந்தே எதையும் பயன்படுத்தவில்லை என்பது அவர் தரப்பு. நீதிக்கு இடையூறு செய்ததாக 2011-ல் வந்த தீர்ப்பு 2015-ல் ரத்தானது. ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் (மிகச் சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) வாக்காளர்கள் மன்னிக்கவில்லை. தேவை 75 சதவீதம், 2022-ல், எழுத்தாளர்கள் வாக்களிக்கும் தேர்தலில் அவருடைய கடைசி வாய்ப்பில், கிடைத்தது 66.

1998 முடிவில் அவர் கணக்கில் 411 ஹோம் ரன், மூன்று மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதுகள், எட்டுத் தங்கக் கையுறைகள் இருந்தன. சந்தேகங்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியவை. அன்றே நிறுத்தியிருந்தாலும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றிருப்பார். அந்த மனிதருக்கு ஞானத்தந்தை வில்லி மேஸ் என்பது இந்த வருத்தத்தைக் கூட்டுகிறது. என் வரிசையில் அவருக்கு முதல் ஐந்தில் இடம் உண்டு. முதலிடம் கேட்கும் உரிமையை அந்த ஆண்டுகள் அவரிடமிருந்து எடுத்துவிட்டன.

வார் என்ற எண்ணைக் காட்டி விவாதத்தை முடித்துவிடலாம் என்கிறார்களே?

எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றிகளை அணிக்குக் கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு அது. அடிப்பது, ஓடுவது, தடுப்பது எல்லாவற்றையும் சேர்த்து, ஆடிய காலத்துக்கும் மைதானத்துக்கும் ஏற்பத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். ரூத்துக்கு 180-க்கு மேல், பாண்ட்ஸுக்கு 160-க்கு மேல், மேஸுக்கு 150-க்கு மேல். பயனுள்ள எண். ஆனால் ஒருவர் தம் லீகை எவ்வளவு தாண்டி நின்றார் என்பதைத்தான் அது சொல்லும். அந்த லீகுக்குள் யாரை விடவில்லை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

பிட்சர்களில் யார்?

நீண்ட காலத்தை வைத்துப் பார்த்தால் வால்ட்டர் ஜான்சன். பெரும்பாலும் பலவீனமாக இருந்த வாஷிங்டன் அணிக்காக 417 வெற்றிகள். எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் தாமே வீசி முடித்த ஆட்டங்கள் 110. அந்த 110-ஐ இனி யாரும் தொடப்போவதில்லை. இன்று ஒரு பிட்சர் முழு ஆட்டத்தையும் வீசுவதே அரிது.

உச்சத்தை மட்டும் பார்த்தால் 2000-ல் பெட்ரோ மார்ட்டினெஸ். ஊக்கமருந்துக் காலத்தின் நடுவே, ஹோம் ரன் மழையாகப் பொழிந்த லீகில், பேட்டர்களுக்கு வசதியான பாஸ்டன் மைதானத்தில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.74 ரன். லீகில் அடுத்த இடத்தில் இருந்தவருக்கு 3.70. 1968-ல் பாப் கிப்சன் 1.12 என்று இன்னும் குறைவாகவே வைத்திருந்தார். ஆனால் அந்த ஆண்டு எல்லாப் பிட்சர்களுமே ஆதிக்கம் செலுத்தினார்கள். அதனால்தான் மறு ஆண்டு பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். எண்ணை அதன் ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த இருவரைவிட நல்ல சான்று இல்லை.

நீக்ரோ லீக்குகளின் பிட்சர் சாட்செல் பெய்ஜைச் சேர்க்காமல் இந்தப் பதில் முடியாது. கறுப்பினத்தவருக்குக் கதவு திறந்தபின் அமெரிக்கன் லீகில் அவர் முதலில் வீசியது 1948-ல், 42 வயதில். அப்போதும் நன்றாக வீசினார்.

டெட் வில்லியம்ஸ்?

அடிப்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் ரூத்தோடு மோதக்கூடியவர். 1941-ன் கடைசி நாளன்று அவர் சராசரி 0.3996. உட்கார்ந்திருந்தால் அது 0.400 என்று முழுமையாக்கப்பட்டிருக்கும். அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார், எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட், 0.406. பிறகு இரண்டாம் உலகப் போருக்கு மூன்று முழுப் பருவங்கள், கொரியப் போருக்கு ஏறத்தாழ இரண்டு பருவங்கள் போயின. போர் விமானி. இவ்வளவு இழந்தும் 521 ஹோம் ரன். 1966-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றபோது, தம் ஏற்புரையிலேயே பெய்ஜுக்கும் ஜாஷ் கிப்சனுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கேட்டார். அவரை நான் மதிப்பதற்கு அந்த உரையே போதும்.

வேர்ல்டு சீரிஸ் வெல்லாதவரைச் சிறந்தவர் என்று சொல்லலாமா?

தாராளமாக. வில்லியம்ஸ், காப், பாண்ட்ஸ் மூவரும் வென்றதில்லை. மேஸுக்கு ஒன்றுதான். ஒன்பது பேர் முறைவைத்து அடிக்கும் ஆட்டத்தில் ஒருவர் தனியாகக் கோப்பையைத் தூக்க முடியாது.

கிரிக்கெட்டில் பிராட்மேன் என்று தயங்காமல் சொல்கிறோம். இங்கே ஏன் அப்படி ஒருவர் இல்லை?

பிராட்மேனின் 99.94-க்கும் அடுத்தவர்களுக்கும் உள்ள தூரம் ஒரு வாழ்நாள் முழுவதற்குமானது. 1920-ல் ரூத்துக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தூரம் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான். ஆனால் சில ஆண்டுகளில் மற்றவர்களும் அவர் பாணியைக் கற்றுக்கொண்டார்கள். 1930-களில் லூ கெரிக்கும் ஜிம்மி ஃபாக்ஸும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். பிராட்மேனும் ரூத்தும் 1932-ல் யாங்கீ ஸ்டேடியத்தில் நேரில் சந்தித்தார்கள்.

இந்தக் கருத்து காலத்துக்குக் காலம் மாறுகிறதா?

நிறைய. 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் தேர்தலில் 226 வாக்குகளில் டை காப்புக்கு 222. ரூத்துக்கும் ஹோனஸ் வாக்னருக்கும் தலா 215. ரூத் ஆடி முடித்த மறு ஆண்டே நடந்த தேர்தல் அது! 1969-ல் நடந்த வாக்கெடுப்பில் ரூத்தை எக்காலத்துக்கும் சிறந்தவர் என்றும், ஜோ டிமாஜியோவை வாழ்பவர்களில் சிறந்தவர் என்றும் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது மேஸ் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 1999-ல் நூற்றாண்டு அணிக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது அதிக வாக்கு பெற்றவர் லூ கெரிக்.

ஜப்பானின் ஷோஹெய் ஒஹ்தானி எல்லோரையும் முந்திவிட்டாரா?

ஒரு பருவம், ஓர் ஆட்டம் என்று பார்த்தால், ஆம். 2022-ல் 34 ஹோம் ரன்னும் பிட்சராக 15 வெற்றியும். 2024-ல் 54 ஹோம் ரன், பிட்சர் வீசும் நேரம் பார்த்து 59 முறை அடுத்த பேஸுக்கு ஓட்டம். ஐம்பதுக்கு ஐம்பதை ஒரே பருவத்தில் தொட்ட முதல் மனிதர். 2025 அக்டோபர் 17-ல் டாட்ஜர்ஸை வேர்ல்டு சீரிஸுக்கு அனுப்பிய ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசிப் பத்துப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். அதற்கு நிகரான ஓர் ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ரூத்கூட இரண்டையும் முழு அளவில் சேர்த்துச் செய்தது 1918, 1919 ஆகிய இரண்டு பருவங்களில்தான். யாங்கீஸுக்கு வந்தபின் ஐந்தே ஆட்டங்களில் பந்து வீசினார்.

ஒஹ்தானி ஆடுவது உலகம் முழுவதிலிருந்தும் வீரர்கள் வரும் லீகில். மேஸுக்கு நான் முதலிடம் தரும் காரணம் இவருக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். குறை காலம் மட்டுமே. 1994-ல் பிறந்தவர்; முழங்கை அறுவை சிகிச்சைகளால் பிட்சராகப் பல மாதங்களை இழந்தவர். இன்னும் நான்கைந்து பருவங்கள் இரண்டையும் இதே தரத்தில் செய்தால், இந்தப் பக்கத்தின் முதல் பதிலில் இருக்கும் பெயரை மாற்றுவேன்.